ஒரு சொல்லுக்குள் இரண்டு செடிகள்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் மின்தொடர்வண்டிப் பாதையில், பல்லாவரத்தை அடுத்து வரும் இரண்டு நிலையங்களின் பெயர்களை மூக்கினால்தான் படிக்க வேண்டும். முதலாவது குரோம்பேட்டை, குரோம் உப்பிட்டுத் தோல் பதனிட்ட தொழிற்சாலை அவ்வூருக்கு விட்டுச்சென்ற பெயர். அடுத்தது தாம்பரம் சானடோரியம். 1928இல், காசநோய்க்கு உறுதியான மருந்து எதுவும் வந்திராத காலத்தில், நல்ல காற்றை நம்பி எழுந்த மருத்துவமனையின் பெயர். அந்தச் சானடோரியத்தில்தான் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. அதன் மருத்துவமனை அயோத்திதாச பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேர்களும் கிழங்குகளும் பட்டைகளும் பேசப்படுகிற, எழுதித் தரப்படுகிற இடம் அது. அந்தச் சீட்டுகளைக் கொண்டுபோய் நாட்டு மருந்துக் கடையில் நீட்டினால் எல்லாம் கிடைக்கும். வெட்டிவேர் கிடைக்கும், நன்னாரி கிடைக்கும், அகில் கிடைக்கும், சடாமாஞ்சில்கூடக் கிடைக்கும். கிடைப்பது கேட்டதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வாசனையைப் பாடுவதில் தமிழுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. ஒரே பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய மரபு நம்முடையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது, அந்தப் பெயர்ப் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்களை நாம் பாராட்டுகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பதில் எத்தனை பூக்களை இன்றைய செடி ஒன்றோடு ஐயமின்றிப் பொருத்திக்காட்ட முடியும் என்று கேட்டால், வகுப்பறையின் இரு பக்கமும் மௌனமே நிலவும். ‘நரந்தம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிப்பாட்டில் வரும் நரந்தத்துக்கு நாரத்தம்பூ என்று உரை சொல்கிறார்கள். பதிற்றுப்பத்தில் இமயத்துக் கவரிமா கனவில் காணும் நரந்தமோ அது மேயும் மணமுள்ள புல். ஒரு சொல், ஒருபுறம் மரம், மறுபுறம் புல். ‘நாற்றம்’ என்ற சொல்லே நறுமணத்தைக் குறிப்பதிலிருந்து நழுவி இன்று மூக்கைப் பொத்தவைக்கும் பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டதல்லவா! சொற்கள் இடம்பெயர்வது இயல்பு. ஆனால் சொல் அப்படியே இருக்க, அதன் அடியிலிருந்த செடி சத்தமின்றி மாறிவிடுவது வேறு வகையான இழப்பு. அதை எந்த அகராதியும் பதிவு செய்வதில்லை.

அரிய மணச்செடிகளைத் திசு வளர்ப்பின் மூலம் பெருக்கிக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையை நாம் மறுக்கவில்லை. அது தேவை என்றே கருதுகிறோம். ஆனால் அது கடைசிப் படி. முதற்படி பெயர். அந்த முதற்படியில் நிற்க வேண்டியவர்கள் தாவரவியலார் மட்டுமல்லர், தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றவர்களும்தாம் என்பது நம் கருத்து.

திசு வளர்ப்பு என்றால் என்ன என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. உழவர்களுக்கு அது புதிதன்று. ‘திசு வாழை’ என்ற சொல் வயல்வெளிக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. செடியின் நுனிக்குருத்தையோ கணுவையோ நறுக்கி எடுத்து, அதன்மேல் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களை நீக்கி, கண்ணாடிக் குப்பியில் ஊட்டக்கூழின்மீது வைக்கிறார்கள். அந்தக் கூழில் உப்புகளும் வைட்டமின்களும் இருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் அதை உறையவைக்கும். 121 டிகிரி வெப்பத்தில் நீராவி அழுத்தத்தில் அதைத் தூய்மைப்படுத்துகிறார்கள். பிறகு 25 டிகிரி அளவில், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் விளக்கொளியில் குப்பிகள் அடுக்கில் நிற்கும். சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கி மிகுந்தால் தளிர்கள் பல்கும். ஆக்சின் மிகுந்தால் வேர் விடும். முராஷிகே, ஸ்கூக் ஆகிய இருவர் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊட்டக்கூழ்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அடிப்படை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1902இல், ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரிய அறிஞர் தனிச் செல்லிலிருந்து முழுச்செடியை வளர்த்தெடுக்க முடியும் என்று கனவு கண்டிருந்தார். நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கருக்களை வளர்த்துக்காட்டியது உலகம் முழுவதும் பேசப்பட்ட கண்டுபிடிப்பு. சிவனுக்குச் சூட்டும் ஊமத்தை அறிவியல் வரலாற்றிலும் அப்படித்தான் இடம்பிடித்தது.

இத்தகைய ஒரு நுட்பம் கையிலிருக்கும்போது நம் மணச்செடிகள் அழியலாமா என்று கேட்பது நியாயமே. இரண்டு செடிகளின் கதையை முன்வைத்து அதற்கு விடை தேடலாம்.

முதலாவது மாகாளிக்கிழங்கு. பருவம் வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் மட்டுமல்லாமல், அங்கிருந்து தெற்கே குடிபெயர்ந்த குடும்பங்களோடு சேர்ந்து தாம்பரம், சேலையூர்க் கடைத்தெருக்களிலும் தலைகாட்டும் கிழங்கு. தோல் சீவி, நரம்பு நீக்கி, மோரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்த அந்த ஊறுகாயைத் தயிர்சாதத்தோடு உண்பவர்களுக்கு அதற்கு நிகர் வேறில்லை. பிடிக்காதவர்களுக்கு அது மூட்டைப்பூச்சி வாடை. வாசனையைப் பொறுத்தவரை நடுநிலை என்பதே இல்லாத கிழங்கு இது. 1834இல் வைட்டும் ஆர்னட்டும் இதற்கு இட்ட அறிவியற்பெயர் டெகலெப்பிஸ் ஹாமில்டோனி. தென்னிந்தியப் பாறைச்சரிவுகளில், குறிப்பாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் படரும் கொடி. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

காரணம் எளிமையானது. நமக்கு வேண்டியது அதன் வேர். இலையைப் பறித்தால் செடி மீண்டும் தளிர்க்கும். காயைப் பறித்தாலும் கொடி நிற்கும். வேரை அகழ்ந்தெடுத்தால் என்ன மிஞ்சும்? மலையில் ஒரு குழி மிஞ்சும். ஊறுகாய்க்கு மட்டும் என்றால்கூட மலை தாங்கியிருக்கலாம். ஆனால் நன்னாரிக்குப் பதிலாகச் சர்பத்திலும் மருந்திலும் இக்கிழங்கு பெருமளவில் சேர்க்கப்படுகிறது. நன்னாரியின் வேர் பென்சிலைவிட மெலிது. மாகாளியின் வேரோ கட்டைவிரலைவிடத் தடிப்பு. ஒரே நாள் உழைப்பில் எது அதிகம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் வாசனை தருவது ஒரே வேதிப்பொருள். வனிலா மணத்துக்குக் காரணமான வனிலினில் எந்த அணுக்கள் எத்தனை உண்டோ, அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இதிலும் உண்டு; கோத்திருக்கும் வரிசை மட்டும் வேறு. ஆக, மூக்கு ஏமாறுகிறது. நாக்கும் ஏமாறுகிறது. ‘நன்னாரி’ என்ற பெயர் இரண்டு செடிகளுக்கும் குடையாகிவிடுகிறது. அந்தக் குடையின் நிழலில் ஒன்று அழிகிறது. அருந்துகிறவருக்கு அது தெரிவதில்லை.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினரும், ஆந்திரத்து அனந்தபூர் பல்கலைக்கழகத்தினரும் இக்கொடியைக் குப்பியில் பெருக்கும் வழிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு பழைய ஐயத்துக்கும் விடை கிடைக்கிறது. ‘பாட்டிலில் வளர்த்த செடியில் வாசனை இருக்குமா?’ என்று இலக்கிய நண்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வியில் கொஞ்சம் ஏளனமும் கலந்திருக்கும். மைசூர் ஆய்வாளர்கள் திசு வளர்ப்பில் பிறந்த கன்றுகளை மண்ணுக்குப் பழக்கி, நிலத்தில் நட்டு, அவற்றின் வேரில் அந்த மணப்பொருள் உருவாவதை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். இயற்கையில் வளர்ந்த செடிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாசனை இருந்தது. குப்பி என்பது தாய்வீடு அன்று, பிரசவ அறை மட்டுமே. செடி வளர்வதும் மணப்பதும் மண்ணில்தான்.

இரண்டாவது செடியின் கதை இன்னும் நுட்பமானது. வெட்டிவேர் என்றால் இன்று நம் எல்லோர் மனத்திலும் தோன்றுவது உயர்ந்து வளரும் ஒரு புல்லின் சடைவேர். பானைத் தண்ணீரில் போடுகிறோம். தட்டியாகப் பின்னிச் சன்னலில் தொங்கவிடுகிறோம். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில், ஆற்றோர மணற்பாங்கான நிலங்களில், அதே பெயரில் வேறொரு செடியைப் பயிரிட்டு வந்தார்கள். அது புல்லே அன்று. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. அதன் மெல்லிய வேர்க்கற்றையைக் கோயில் மாலைகளில் பூவோடு சேர்த்துக் கட்டுவார்கள். பெண்கள் கூந்தலில் முடிந்துகொள்வார்கள். குறுவேர் என்றும் அதற்குப் பெயர். கே.சி. ஜேக்கப் 1941இல் அதற்கு அறிவியல் விளக்கம் எழுதியபோது, ‘வெட்டிவேர் போன்றது’ என்று பொருள்படும்படியே பெயரிட்டார். காட்டில் அதைக் கண்டவர் இல்லை. உழவன் கையில் மட்டுமே உயிர்வாழும் செடி அது. தண்டை நறுக்கி நட்டே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். எனவே ஓர் உழவர் குடும்பம் அப்பயிரைக் கைவிட்டால், அந்த வயலில் அது மீண்டும் தானாக முளைக்கப்போவதில்லை.

சித்த மருத்துவ நூல்கள் வெட்டிவேரையும் விலாமிச்சைவேரையும் தனித்தனியாகவே பேசுகின்றன. குணங்களையும் தனித்தனியே சொல்கின்றன. எது புல், எது துளசிக் குடும்பத்துச் செடி என்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் வழக்கு மாறுகிறது. கடைக்காரர் இரண்டு பெயருக்கும் ஒரே சாக்கிலிருந்து எடுத்துத் தரக்கூடும். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்வதற்கில்லை. அவருக்கு வந்து சேர்ந்ததே அந்த ஒன்றுதான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தக் குறுவேர்ச் செடியைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறையை 2002இல் வெளியிட்டார்கள். பெரிய தொழிற்கூடம் எதுவும் அதைச் செய்யவில்லை. ஒரு கல்லூரியின் தாவர ஆய்வு மையம் செய்தது. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏனெனில், வணிகத் திசு வளர்ப்புக் கூடங்கள் எதைப் பெருக்கும் என்பதைச் சந்தை முடிவு செய்கிறது. வாழை பெருகும், ஆந்தூரியம் பெருகும், வரவேற்பறைக்கான ஆர்க்கிட் பெருகும். மணப்பயிர்களில் ஏலக்காய்க்கு எண்பதுகளின் இறுதியிலேயே கேரளத்தில் அந்த நல்லூழ் வாய்த்தது. தோட்டமுதலாளிகள் வாங்கக் காத்திருந்தார்கள். மாலையில் இரண்டு விரற்கடை வேரை வைத்துக் கட்டும் பூக்காரருக்காக எந்த நிறுவனமும் குளிர்சாதன அறை கட்டாது. அரிய செடி என்பதற்கு வேறொரு பொருள், வாங்குவோர் அரியர் என்பதும்தான். ஆகவே இப்பணி கல்லூரிகளின்மேல்தான் விழுகிறது.

கல்லூரிகள் என்ன செய்கின்றன? இளமுனைவர், முனைவர் பட்டங்களுக்காகத் திசு வளர்ப்பு ஆய்வுகள் தமிழகமெங்கும் நடந்திருக்கின்றன. எந்த ஊக்கி எத்தனை மில்லிகிராம் சேர்த்தால் எத்தனை தளிர் வரும் என்ற அட்டவணைகள் ஆய்வேடுகளில் நிறைந்து கிடக்கின்றன. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் பல இடங்களில் குப்பிகள் கழுவி அடுக்கப்படுகின்றன. கன்றுகள் குப்பைக்குப் போகின்றன. தளிர் எண்ணிக்கை அட்டவணையில் ஏறிவிட்டால் செடியின் வேலை முடிந்தது. எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. பட்டம் தரும் முறையே அப்படி அமைந்துவிட்டது. அழியும் செடியைக் காப்பது என்று முன்னுரையில் எழுதி, முடிவுரையில் அதைக் கழுவி ஊற்றுகிறோம். தமிழாய்வும் இதற்கு விலக்கன்று. சங்க இலக்கியத்தில் தாவரங்கள் என்ற தலைப்பில் வந்த ஆய்வேடுகளை அடுக்கினால் ஓர் அறை நிறையும். அவற்றை எழுதியவர்களுள் எத்தனை பேர் ஒரு செடியின் வேரைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்கள் என்பது வேறு கணக்கு.

திசு வளர்ப்பின் மீது வைக்கப்படும் கடுமையான மறுப்பு ஒன்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாய்ச்செடியின் கணுவிலிருந்து வரும் ஆயிரம் கன்றுகளும் ஒரே செடியின் ஆயிரம் படிகள். நோய் ஒன்றைத் தாக்கினால் ஆயிரத்தையும் தாக்கும். மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியான குரோ மிஷேல் என்ற வாழை, பனாமா வாடல் நோய்க்கு ஆளாகிச் சென்ற நூற்றாண்டின் நடுவில் சந்தையிலிருந்தே மறைந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வாழையை அதே நோயின் புதிய வடிவம் இப்போது துரத்துகிறது. ஆகவே அரிய செடியைக் காப்பதாகச் சொல்லி ஒரே ஒரு தாயிலிருந்து பல்லாயிரம் கன்றுகளை எடுத்தால், எண்ணிக்கை உயரும், இனம் வலுக்குன்றும். இது பொய்யான அச்சமன்று. ஆனால் இதற்கு விடை நுட்பத்தைக் கைவிடுவதிலில்லை. பல மலைகளிலிருந்து, பல கொடிகளிலிருந்து தாய்க்கணுக்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் வழியையும் தனித்தனியே குறித்துவைப்பதில் இருக்கிறது. பதிப்பாசிரியர்களுக்கு இது நன்கு தெரிந்த வேலை. ஒரே சுவடியை நம்பிப் பதிப்பித்தால் அதன் பிழையும் அச்சேறும். பல சுவடிகளை ஒப்பிட்டால்தான் பாடம் தெளியும்.

அதே நுட்பம் நோயை விலக்கவும் செய்யும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. பழனி மலையின் விருப்பாட்சியும் சிறுமலை வாழையும் மணத்துக்குப் பெயர்பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு அவையே அடிப்படை. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவி அந்தத் தோட்டங்கள் நலிந்தபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை உருவாக்கி மலைக்கு மீண்டும் அனுப்பியது. குருத்தின் நுனியில் நச்சுயிரி எட்டாத மிகச் சிறிய பகுதியிலிருந்து தொடங்கினால் தூய கன்று கிடைக்கும். இங்கே குப்பி மலைக்கு எதிரியாக நிற்கவில்லை, மலைக்குத் துணைபோயிற்று.

சந்தனத்தின் பாடம் இதற்கு அடுத்த நிலையைச் சொல்லும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1979 அளவிலேயே சந்தனத் திசுவிலிருந்து கருக்களை உருவாக்கிக் கன்றாக்கினார்கள். ஆயினும் சந்தனம் தனித்து வாழும் மரமன்று. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உணவின் ஒரு பகுதியை அங்கிருந்து பெறுகிறது. துவரையோ வேம்போ சவுக்கோ அண்டையில் இல்லையென்றால் கன்று நலிந்துவிடும். மேலும், சந்தனத்தின் மணம் கன்றில் இல்லை. ஆண்டுகள் பல கடந்து மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த பின்னரே அது தோன்றும். தனியார் நிலத்துச் சந்தன மரமும் அரசுக்கே உரியது என்ற நிலை நீடித்த காலம் வரை, முளைத்த கன்றை வீட்டுக்காரரே பிடுங்கி எறிந்தார்கள். 2002இல் தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் வளர்க்கும் ஆர்வம் வந்தது. ஆகக் குப்பிக்கு வெளியே மரத்துக்கு ஓர் அயல்செடி வேண்டும், நெடுங்காலம் வேண்டும், நேர்மையான சட்டமும் வேண்டும். ஆய்வகம் இவற்றில் ஒன்றையும் தர இயலாது.

குப்பியிலிருந்து மண்ணுக்கு வரும் அந்தச் சில வாரங்கள்தாம் மிகக் கடினமானவை. ஈரப்பதம் நிறைந்த குப்பிக்குள் சர்க்கரை உண்டு வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு போதாது. இலைத்துளைகள் மூடிக்கொள்ளப் பழகியிருக்காது. வெளியே எடுத்த கணமே வாடிவிடும். நிழல்வலையின் கீழ், பனிபோல் நீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஆய்வகத்தில் வென்ற பல திட்டங்கள் தோற்பது இங்கேதான். இதற்குத் தேவைப்படுவது கருவியைவிட, நாள்தோறும் வந்து பார்க்கும் மனிதர். அந்த மனிதர் யார்?

தென்சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம், அந்த மனிதர்களும் இடங்களும் இங்கே ஒருசேர இருப்பதுதான். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகம் ஏறத்தாழ 365 ஏக்கர். எட்வர்டு பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் மரங்களின்மேல் கொண்ட காதலால் அது வனமாயிற்று. இன்று அக்கல்லூரியின் தாவரவியல் துறையில் தாவர வகைப்பாட்டுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. மேடவாக்கம் அருகே நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 எக்டேர்; அதற்குத் தெற்கே வண்டலூர்க் காடு. மாகாளி இங்கே மலையின்றி வளராது. ஆனால் நன்னாரி இந்தப் புதர்க்காடுகளின் சொந்தக் கொடி. நீண்டு குறுகிய இலையின் நடுவே வெண்கோடு ஓடியிருப்பதைக் கண்டு அறியலாம். ஆனால் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழ எழ, காப்புக்காட்டின் வேலிக்கு வெளியே அந்தக் கொடி படர்ந்த மேடுகள் எல்லாம் மனைகளாகிவிட்டன. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச்சங்கம் மூலிகை நாற்றங்கால் நடத்தி வருகிறது. வேரை முகர்ந்தே செடியைச் சொல்லக்கூடிய அறிவு அங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. சானடோரியத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தரமணியில் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. மாடம்பாக்கம், திருநீர்மலை என்று பழங்கோயில்களுக்கும் குறைவில்லை.

எல்லாம் இருக்கின்றன, ஒன்றை ஒன்று அறியவில்லை. தாவரவியல் ஆய்வகத்துக்கும் தமிழ்த்துறைக்கும் நடுவே ஒரே வளாகத்தில் நூறடித் தொலைவுதான் இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை.

எனவே நாம் முன்வைப்பவை சில எளிய யோசனைகள். திசு வளர்ப்புக்கு முன்னதாகத் தாய்ச்செடித் தோட்டம் ஒன்று அமையட்டும். ஒவ்வொரு செடிக்கும் அறிவியற்பெயரோடு, எந்த வட்டாரத்தில் யார் அதை எப்பெயரால் வழங்குகிறார்கள் என்பதும் எழுதப்படட்டும். நிகண்டும் குணபாடமும் சொல்லும் பெயர், கடைக்காரர் சொல்லும் பெயர், இருளர் சொல்லும் பெயர் மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலையை முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு ஆய்வுத்தலைப்பாகக் கொடுக்கலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்துக்கும் இது பொருந்தும். சொல்லறிந்தவர் ஒருவர் அந்தக் குழுவில் உடனிருந்தால் பதிவேடு வெறும் படிவமாக முடியாது. ஆய்வுக்காகப் பெருக்கிய கன்றுகளில் ஒரு பகுதியாவது மண்ணில் வேரூன்றிய பிறகே பட்டம் என்ற நெறியைப் பல்கலைக்கழகங்கள் வகுக்கலாம். பழக்கிய கன்றுகளை வளர்க்கும் பொறுப்பைக் கூலியோடும் பங்கோடும் இருளர் நாற்றங்காலிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் அறிவை வாங்கிக்கொண்டு நன்றியுரையில் ஒரு வரி எழுதுவது போதாது. குறுவேர் போன்றவற்றைக் கோயில் நந்தவனங்களில் நடலாம். மாலைக்குப் பயன்படும் செடிக்கு அதைவிடத் தகுந்த இடம் ஏது?

இதில் தமிழாசிரியர்களின் பங்கு அலங்காரத்துக்கானதன்று. செடி தவறானால் குப்பி அந்தத் தவறைத் திருத்தாது. பத்தாயிரமாகப் பெருக்கித் தரும். வெட்டிவேர் என்று பெயரெழுதிய தட்டில் எந்த வேரை வைக்கிறோம் என்பது சொல்லாராய்ச்சியின் கேள்வி. அகில் என்று இன்று விற்கப்படுவது பெரும்பாலும் வடகிழக்கின் அகர் மரத்தினுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளகில் வேறு குடும்பத்து மரம். சங்கப் பாடல்களில் கூந்தலுக்கு ஊட்டிய புகை இவற்றில் எதனுடையது? இந்தக் கேள்வியை ஆய்வகத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை. நாம் கேட்க வேண்டும். கேட்டு, விடை தெளியாத இடத்தில் இரண்டு மரங்களையும் காப்பாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும்.

பழந்தமிழ் நூல்களைச் செல்லரிக்காமல் காத்தவர்கள் ஓலைகளைப் படியெடுத்துத்தான் காத்தார்கள். படியெடுப்பது மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, படிப்பவர்களையும் உருவாக்கினார்கள். செடிக்கும் அதுவே வழி. குப்பியில் படியெடுக்கும் நுட்பம் வந்துவிட்டது. அந்தச் செடியைப் பெயர் சொல்லி அழைத்து, முகர்ந்து, ‘இது அதுவன்று’ என்று துணிந்து சொல்லக்கூடிய மாணவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேராவது நம் வகுப்புகளிலிருந்து வெளியே போகட்டும்.